கார்த்திகையில் வராத அரிசி

2025 மாட்டுப் பொங்கலன்று காலையில், தென்பெண்ணைக் கரையோரம் என் அத்தை வீட்டுத் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. மாரியம்மன் கோயில் வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் இடையே பேனர் கட்டினார்கள். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு போர்வை. அத்தை வரிசையில் நின்றார், வாங்கினார், போட்டோவுக்கும் நின்றார். பையைக் கொடுத்தவன் நாலு வீடு தள்ளி இருப்பவன். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. "ஏம்பா, கார்த்திகையில ஊட்டுக்குள்ள தண்ணி நின்னப்ப அடுப்பே எரியல. அப்ப வந்திருந்தா கஞ்சியாவது காச்சியிருப்போம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, விசாரிக்கிற குரலில்தான் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "லீவு குடுக்கல அத்த" என்றான்.

தைப்பொங்கலோ தீபாவளியோ வந்தால் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் செய்திகளில் இப்படியொரு படம் வந்துவிடுகிறது. கூடவே வரும் வாசகமும் ஏறக்குறைய ஒன்றேதான்: வேரை மறக்காத இளைஞர்கள், ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் கம்பெனி. படிக்கிறவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். பண்டிகை விடுமுறையை ஊருக்காகச் செலவழிக்கும் ஊழியர்கள், அவர்களுக்குத் துணைநிற்கும் நிறுவனம், இதைவிட நல்ல பொங்கல் உண்டா என்பது இன்று எல்லோரும் தலையாட்டும் கருத்து. இதை மறுத்துப் பேசினால் கொடுக்கிற கையைத் தட்டிவிடுகிறவன் என்ற பேர் வரும். வரட்டும். அந்த இளைஞர்களின் மனசை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் கொடுப்பதைக் கம்பெனி கொடுத்ததாக எழுதிக்கொள்வதையும், ஊரின் தேவையைக் கம்பெனியின் காலண்டரில் தேடுவதையும்தான் மறுக்கிறேன்.

அத்தை சொன்ன அந்தக் கார்த்திகையை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். கரையேறிய பிறகு நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலை கணக்கெடுத்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. வீடூர் அணை நிரம்பியது, ஏரிகள் நிரம்பி வழிந்தன, விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் குளமாகிக் கிடந்தது. அது மழைத் தண்ணீர். அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து, டிசம்பர் 2 திங்கட்கிழமை விடியுமுன், நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை மேல் ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் எட்டியதால் தென்மாவட்ட ரயில்கள் நின்றன. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரையோரக் கிராமங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் எழுந்தார்கள். கட்டுத்தறியில் இருந்த மாட்டை அவிழ்க்க நேரமில்லை. தண்ணீர் வடிந்த வயல்களில் நெல் இருந்த இடத்தில் மணல் கிடந்தது. மறுநாள் இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு விழுந்தது. அந்தச் செயலை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அன்று அந்த ஊர் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை சென்னை வேலைக்குத் திரும்பியிருந்தது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் ஷிப்ட் நடந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று தாயிடமிருந்து போன் வந்தபோது, விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கே இயந்திரத்தின் முன்னால் நின்றிருப்பார்கள். சூப்பர்வைசர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் மேலே ஓர் உற்பத்தி எண்ணிக்கை இருக்கிறது. நானும் முன்னொரு காலத்தில் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரிக் கரையை அடித்தபோது, எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது என்று லீவு கேட்டேன். போ, சம்பளம் பிடிப்போம் என்றார்கள். போனேன், பிடித்தார்கள். பதினைந்து நாளில் பொங்கல் வந்தது. அதே அலுவலகத்திலிருந்து, "புயல் பாதித்த பகுதி நம்ம ஊர்தானே, நம்ம டீமுக்கு நீங்களே வழிகாட்டுங்கள்" என்று கூப்பிட்டு என் கையிலும் ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனேன், படத்திலும் நின்றேன். என் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட அதே கை, என் ஊருக்குப் போர்வை கொடுக்கும் கையாக அந்தப் படத்தில் இருந்தது.

நேரம்தான் உதவி. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நடந்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஐ.டி. ஊழியர்கள் படகில் போனார்கள், வீட்டு மொட்டை மாடியில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள், வாட்ஸ்அப்பில் ஆள் தேடினார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த இளைஞர்களை அப்படி ஓடவைத்தது எந்தக் கம்பெனியின் சேவைத் திட்டமும் அல்ல. அலுவலகங்களுக்குள்ளேயே தண்ணீர் வந்து மூடிக்கிடந்தன, அதனால் பிள்ளைகள் கையில் நேரம் இருந்தது. அவ்வளவுதான். நேரம் இருந்தால் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபெஞ்சல் வந்தபோதும், நவம்பர் 30 அன்று ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லுங்கள் என்று அரசு ஐ.டி. நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஒரே அறிவிப்பில் ஆயிரக்கணக்கானோரின் வேலை முறையை மாற்ற முடியும் என்று அன்று தெரிந்தது. புயல் தங்கள் ஊருக்கு வரும்போது மாற்ற முடிந்ததை, ஊழியரின் ஊருக்கு வெள்ளம் வந்தபோதும் மாற்றியிருக்கலாம்.

டிசம்பர் 2-க்கும் பொங்கலுக்கும் நடுவே 43 நாள். குடிசைக்கு 10,000 ரூபாய், நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசின் நிவாரணம் அதற்குள் அறிவிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிவாசல்களும் மாதா கோயில்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சோறாக்கிப் போட்டார்கள். அரிசிப் பை வந்தபோது சுவரில் தண்ணீர்க்கோடு காய்ந்துவிட்டிருந்தது.

உதவிக்கு நாள் பார்ப்பது நம் வழக்கத்திலேயே இல்லை. நம்மிடம் மொய் இருக்கிறது. மொய் நோட்டை யோசித்துப் பாருங்கள், அதில் எவ்வளவு நுட்பமான அறிவு இருக்கிறது! கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் அந்த நாளில் பணம் போய்ச் சேரும். எனக்கு விடுமுறை கிடைத்த நாளில் உன் வீட்டுக்கு வந்து மொய் எழுதுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. செலவு யாருக்கு வருகிறதோ அவர் வீட்டு நாள்தான் கணக்கு. நல்ல காரியத்துக்கு அழைத்தால் போகலாம், சாவுக்கு அழைக்காமலே போகவேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சாவு வீட்டுக்கு மூன்று வாரம் கழித்துப் போகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் இருக்கிறது: மொய் எழுதுகிறவர் தன் பெயரைத்தான் எழுதுவார். உழைத்தவன் கொடுத்த பணத்தை முதலாளி பெயரில் எந்த மொய் நோட்டிலும் எழுதிப் பார்த்ததில்லை.

வெள்ளம் வராத வருஷத்திலும் இந்தக் காலக்கணக்கு தப்பாகத்தான் இருக்கிறது. கிராமத்தில் எந்த மாதம் கை வறண்டுபோகும் என்று கூலிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: ஐப்பசி, கார்த்திகை. மழையில் வயல் வேலை நிற்கும், கட்டட வேலை நிற்கும், செங்கல் சூளை நிற்கும். மரக்காணம் உப்பளங்களில் ஒரு பிடி உப்புகூட வார முடியாது. அதனால்தான் அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது மாநில அரசு. தை, மாசியில் சம்பா அறுவடை. நிலமில்லாதவருக்கும் அப்போது வேலை இருக்கும், கையில் கூலி இருக்கும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் பச்சரிசியும் சர்க்கரையும் கரும்பும் கிடைத்துவிடுகின்றன. ஆக, வருஷத்தில் எந்த மாதம் ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறதோ அந்த மாதத்தில்தான் கம்பெனியின் அரிசி வருகிறது.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதும் இப்படித்தான். ஜனவரியில் நோட்டுப் புத்தகமும் பையும் கொடுக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வே முடிந்திருக்கும். பாடநூல், நோட்டு, பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் தமிழ்நாடு அரசே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. பள்ளிகளுக்கு உண்மையில் பற்றாக்குறை எங்கே என்று தலைமை ஆசிரியர்களைக் கேளுங்கள். கழிப்பறையைத் தினமும் கழுவ ஆளுக்கு மாதச் சம்பளம், இரவுக் காவலர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒருவர், பழுதான கம்ப்யூட்டரைச் சரிபார்க்கப் பணம். இவை மாதாமாதம் வரும் செலவுகள். ஒருநாள் வேனில் ஏற்றிவர முடியாதவை, படமெடுக்கவும் ஏற்றவை அல்ல. கொடுக்க வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்கென்றே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது.

ரத்தம் இன்னும் வெளிப்படையான கணக்கு. பண்டிகையை ஒட்டி ரத்ததான முகாம் நடத்தி, ஒரே நாளில் இத்தனை யூனிட் என்று அறிவிப்பது சேவைநாள் வழக்கங்களில் ஒன்று. எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம்வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களை ஐந்து நாள்தான். டெங்கு வருவது மழைக்காலத்தில். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நெடுஞ்சாலை விபத்துகள் வருவது வருஷம் முழுக்க. ஓர் ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். நூறு பேரை ஒரே நாளில் வரிசையில் நிறுத்துவதைவிட, அந்த நூறு பேரை வாரத்துக்கு இத்தனை பேராகப் பிரித்து, கொடுக்கிற அன்று அரைநாள் சம்பளத்தோடு அனுப்பினால் எத்தனையோ உயிர் பிழைக்கும். அப்படிச் செய்தால் பேனர் கட்ட ஒரு நாள் கிடைக்காது. செலவாவது கம்பெனியின் அரைநாளாக இருக்கும்.

இப்போதோ செலவாவது யாருடைய நாள்? 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு உறுதியானவை ஒன்பது நாள்: குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், அதற்குமேல் ஐந்து பண்டிகை நாள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவன் முந்தின நாள் ஷிப்ட் முடித்து, கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு முண்டி, பரனூர் சுங்கச்சாவடியில் கால் மரத்துப்போக நின்று, நள்ளிரவுக்கு மேல் திண்டிவனத்தில் இறங்குகிறான். நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு ஆறு மணி நேரம். அவனுக்குக் கிடைத்திருப்பது இரண்டு அல்லது மூன்று நாள். அதில் ஒருநாளைச் சேவைக்கு என்று எடுத்துக்கொண்டால் அது யாருடைய கொடை? அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றிப் பேசவும், தங்கைக்கு வரன் பார்க்கவும், பத்திரத்தை அடகிலிருந்து மீட்க வழி தேடவும் அவனுக்கு வேறு நாள் கிடையாது. விருப்பப்பட்டால் வரலாம் என்றுதான் சுற்றறிக்கை சொல்கிறது. வராதவர் பெயர் ஒரு பட்டியலில் இல்லாமல் போகும். வருஷ முடிவில் மதிப்பெண் போடுகிறவருக்கு அந்தப் பட்டியல் ஞாபகம் இருக்கும். இதை அனுபவிக்காத ஊழியர் குறைவு.

கம்பெனி எதையுமே செலவழிக்கவில்லையா, சட்டப்படி சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கிறதே என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுவரவோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தை நடத்தும் அமைச்சகம், ஒருநாள் நிகழ்ச்சிகளும் மாரத்தானும் விளம்பரமும் இந்தக் கணக்கில் வராது, திட்டமாகத்தான் செய்ய வேண்டும் என்று 2014-லேயே சுற்றறிக்கை விட்டது. சேவைக்கு வரும் ஊழியர்களின் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுச் சிஎஸ்ஆரில் சேர்க்கக்கூடாது என்று 2021-ல் தெளிவுபடுத்தியது. ஊழியர் கொடுப்பது வேறு, கம்பெனி கொடுக்க வேண்டியது வேறு என்பதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அமைச்சகமே பிரித்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே படத்தில் காட்டுவது ஆண்டறிக்கைகளும் நம் பத்திரிகைகளும்தான். அத்தை வாங்கிய பையில் இருந்த அரிசிக்கு ஊழியர்களிடம் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வசூலித்திருந்தார்கள். பேனரில் அதற்கு ஒரு வரி கிடையாது.

'திருப்பிக் கொடுப்பது' என்ற சொல்லையே நான் எடுத்துப் பார்க்கிறேன். திருப்பிக் கொடுப்பது என்றால் வாங்கியது ஒன்று இருக்க வேண்டும். கம்பெனி நம் பிள்ளைகளுக்கு வாழ்வு கொடுத்தது, அதற்கு மேலும் கொடுக்கிறது என்று பேசுகிறவர்கள் கடன்காரரையும் கடன் கொடுத்தவரையும் மாற்றிப் போடுகிறார்கள். சம்பளம் செய்த வேலைக்குக் கூலி, அது யாரும் தந்த வாழ்வு அல்ல. அந்த வேலைக்குத் தகுந்தவனாக அவனை ஆக்கியது யார்? அங்கன்வாடி முட்டையும் சத்துணவும் போட்டு வளர்த்தது இந்த ஊர். திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும், விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், அண்ணா பல்கலைக்கழகத்தின் விழுப்புரம், திண்டிவனம் பொறியியல் கல்லூரிகளும் மக்கள் வரிப்பணத்தில் படிக்கவைத்தன. இருபது வருஷம் செலவழித்து வளர்த்த ஆளைக் கம்பெனி தயாராகவே பெற்றுக்கொள்கிறது. அவன் உடம்பு முடியாமல் போனால் திரும்பி வருவதும் இங்கேதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தொழிற்பேட்டைகள் கதவைச் சாத்தின, பிள்ளைகள் நடந்தும் டெம்போவிலும் ஊர் வந்தார்கள். அந்த மே மாதம் கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்தவர்கள் திரும்பியதும் விழுப்புரத்தில் கொரோனா தொற்று மளமளவென ஏறியது. தெருவை அடைத்தார்கள், பயந்தார்கள், சண்டையும் நடந்தது. ஆனாலும் சோறு போட்டது ஊர்தான்.

இந்த ஊர் கொடுத்தது ஆட்களை மட்டுமல்ல. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனத்தின் சுருக்கம் அது. இந்தியாவில் பல மாநிலங்களில் விளையும் கடலைக்கு நம் ஊர்ப் பெயரின் மூன்று எழுத்து இருக்கிறது. கடலை விதைக்கிற ஆந்திர விவசாயிக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையேந்தி நிற்பது மட்டுமே இந்த ஊரின் வரலாறு அல்ல.

கம்பெனி இந்த மாவட்டத்துக்குப் பட்டிருக்கும் கடனை அடைக்க வழி உண்டு. அந்த 135-ஆம் பிரிவே, கம்பெனி இயங்கும் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை கொடு என்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. விளைவைப் பாருங்கள். ஒரகடத்தில் ஆலை என்றால் ஒரகடம்தான் உள்ளூர். அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் மேல்மலையனூரும் மயிலமும் வானூரும் உள்ளூர் அல்ல. ஆலை இருக்கும் இடத்துக்கு வரியும் சாலையும் கடை வாடகையும் கிடைக்கின்றன, சிஎஸ்ஆரும் அங்கேயே போகிறது. ஆள் கொடுத்த மாவட்டத்துக்குப் பண்டிகை நாள் வேன் வருகிறது. இந்த முன்னுரிமை கட்டாயமல்ல, வழிகாட்டுதல்தான் என்று அமைச்சகம் 2021-ல் விளக்கியும்விட்டது. ஆகவே தன் ஊழியர்கள் எந்த மாவட்டத்திலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கில் பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு கம்பெனிக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. அந்தக் கணக்கு எடுப்பதும் கஷ்டமல்ல; எல்லோருடைய ஆதார் நகலும் ஹெச்.ஆர். அலமாரியில் இருக்கிறது.

வேலையே இங்கே வந்தால் இன்னும் நல்லது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் டைடல் நியோ பூங்கா திறந்தார்கள், ஐந்நூறு பேர் அளவுக்கு வேலை என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் திண்டிவனம் சிப்காட்டில் 400 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைக்க டாபர் ஒப்பந்தம் போட்டது, 250 பேருக்கு நேரடி வேலை என்று அறிவிப்பு. கள்ளக்குறிச்சி பிரிந்த பிறகும் 20 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் மாவட்டத்துக்கு இவை சின்ன எண்கள். ஆனாலும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய், ஆற்றில் தண்ணீர் வந்தால் அரை மணியில் அம்மாவிடம் திரும்பிவரக்கூடிய ஒரு வேலை, பத்து வருஷத்துப் போர்வைகளைவிடப் பெரியது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரோடு இதைப் பேசினேன். நான் மதிக்கிற மனிதர். "நீ சொல்றதெல்லாம் சரிதான் தம்பி. ஆனா இதையும் வேணாம்னுட்டா ஒண்ணுமே வராது. வர்றது வரட்டுமே" என்றார். இந்த வாதத்துக்குத்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன். வாங்குகிறவர் வீட்டில் இல்லாமை இருக்கும்போது, வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அத்தை அந்த அரிசியைப் பொங்கித்தான் சாப்பிட்டார், சாப்பிட வேண்டியதுதான். ஆனால் ஒன்றுமே வராது என்பது உண்மையல்ல. பேனர் இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. மாதம் ஐந்தாம் தேதி ஜிபேயில் வரும் மூவாயிரம், தங்கையின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் சர்க்கரை மாத்திரை, ஆடித் திருவிழாத் தலைக்கட்டு வரி, கோயில் கும்பாபிஷேகத்துக்கு எழுதிய தொகை, பள்ளி மதில் சுவருக்கு பேட்ச்மேட்கள் சேர்த்து அனுப்பியது. இந்த ஊர்கள் நிற்பது அதில்தான். வருஷத்துக்கு ஒருநாள் வரும் வேன் நின்றுபோனாலும் இது நிற்காது. இன்னும் நல்ல சம்பளம் இருந்தால் இது கூடும். லீவு இருந்தால் பணத்தோடு ஆளும் வருவான். ஆக "வர்றது வரட்டுமே" என்பது ஏழைகளுக்காகப் பரிந்து பேசுவது போலக் கேட்டாலும், கடைசியில் கம்பெனியை மலிவாக விட்டுவிடுகிறது. ஒருநாள் படத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று அது ரசீது எழுதிக் கொடுத்துவிடுகிறது.

ஊரும் கம்பெனியும் சேர்ந்து நல்லது செய்வதை எதிர்க்கவில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்பே ஒரு சுற்றறிக்கை வரட்டும்: சொந்த ஊரில் வெள்ளம், புயல் என்று அரசு அறிவித்தால் அந்த மாவட்டத்து ஊழியருக்கு, நிரந்தரமானாலும் காண்ட்ராக்ட் ஆனாலும், ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு, கம்பெனியின் பஸ்ஸே அவர்களைக் கொண்டுபோய் விடும். நூற்றுக்கணக்கான பஸ்கள் தினமும் ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. அதில் நான்கைந்து அந்த டிசம்பர் 2 காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே வந்திருந்தால், சேறள்ளவும் தாத்தாவைத் தூக்கவும் மாட்டைத் தேடவும் ஊரில் ஆள் இருந்திருக்கும். அப்படி ஒரு கம்பெனி செய்தால், அதன் பேனரை நானே மரத்தில் ஏறிக் கட்டுவேன்.

அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த பொங்கலுக்கு எந்த ஊருக்குக் கொடுக்கலாம் என்று அவனிடம் லிஸ்ட் கேட்டிருக்கிறார்களாம். லிஸ்ட் கொடுக்கும்போது, மழைக்கு லீவு தருவீர்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். காண்ட்ராக்டை வருஷா வருஷம் பிப்ரவரியில்தான் புதுப்பிக்கிறார்கள் என்றான்.